நாள்பட்ட வலியோடும் தன்னுடல் தாக்கு நோயோடும் வாழும் தோழிக்குத் துணையிருத்தல்: தென்னாப்பிரிக்கத் தமிழருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் வசிக்கும் என் தோழிக்கு லூபஸ் என்ற தன்னுடல் தாக்கு நோய் என்று மருத்துவர் உறுதி செய்தபோது எங்கள் இருவருக்கும் முப்பது வயதுகூட நிரம்பவில்லை. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளாக அவளுடைய விரல்கள் காலையில் மடங்காமல் இருந்ததையும், மதியத்துக்குள் உடல் சரிந்துபோனதையும், வெயிலில் கன்னங்கள் சிவந்து எரிந்ததையும் வேலைப்பளு என்றும் தூக்கக் குறைவு என்றும் சொல்லிச் சுற்றியிருந்த நாங்கள் அனைவரும் கடந்துவிட்டோம். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. நான் மருத்துவர் அல்ல. வெருலத்திலிருந்து டோங்காட்டுக்குப் பதினான்கு ஆண்டுகளாகப் போய் வந்து, உதவுவதில் பல தவறுகளைச் செய்து, அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டவள் என்ற நிலையிலிருந்தே இதை எழுதுகிறேன்.

ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை என்றால் நம் மக்கள் பிரியாணிப் பானையோடு வந்து வாசலில் நிற்பார்கள். மூன்றாம் மாதத்தில் அந்த வாசல் வெறிச்சோடிவிடும். நாள்பட்ட நோய்க்கு மூன்றாம் மாதமும் உண்டு, முப்பதாம் ஆண்டும் உண்டு. ஆகவே உங்களால் நெடுங்காலம் தொடர்ந்து செய்ய முடிகிற சிறிய உதவியைத் தேர்ந்தெடுங்கள் என்பதே நான் சொல்ல வந்தது. கீழே உள்ள படிகள் எல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதன் விளக்கங்கள்.

முதற்படி: நோயின் இயல்பை அறிந்துகொள்ளுங்கள்

நம் உடலில் நோய்க்கிருமிகளை எதிர்க்க ஒரு காவல் அமைப்பு இருக்கிறது. தன்னுடல் தாக்கு நோயில் அந்தக் காவல்காரன் வீட்டாரையே திருடர்கள் என்று எண்ணி அடிக்கத் தொடங்குகிறான். முடக்குவாதத்தில் அவன் அடிப்பது பெரும்பாலும் மூட்டுகளின் உட்சவ்வை. லூபஸில் தோல், மூட்டு, சிறுநீரகம், இரத்த அணுக்கள், இதயத்தையும் நுரையீரலையும் சுற்றிய உறைகள் என எதையும் அடிக்கலாம். லூபஸ் நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலோருக்கு 15 முதல் 45 வயதுக்குள் நோய் தொடங்குகிறது. படிப்பு, வேலை, திருமணம், குழந்தை என்று குடும்பமே ஒரு பெண்ணிடம் எதிர்பார்ப்புகளைக் குவிக்கும் வயது அது.

இந்த நோய்கள் ஒரே சீராக இருப்பதில்லை. சில வாரங்கள் அடங்கியிருந்து, பிறகு சீறி எழும். சீற்றத்தைத் தூண்டுபவை வெயில், தொற்று, ஓய்வின்மை, மன அழுத்தம், மருந்தை நிறுத்துதல் எனப் பலவாக இருக்கலாம். எந்தக் காரணமும் புலப்படாமலும் வரலாம். ஆகவே “நேற்று கோயிலுக்கு வந்தாளே, இன்று எப்படி எழ முடியாமல் போகும்?” என்ற கேள்விக்கு இடமே இல்லை. நேற்று வந்ததும் உண்மை, இன்று எழ முடியாததும் உண்மை.

வலியைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். நெருப்பில் கை பட்டால் வரும் வலி ஓர் எச்சரிக்கை. புண் ஆறியதும் அது அடங்கும். நாள்பட்ட வலியிலோ நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடுவதால், மெல்லிய தொடுதலும் குளிர்ந்த காற்றும்கூட வலியாக மாறக்கூடும். இரத்தப் பரிசோதனை நன்றாக வந்த மாதத்திலும் என் தோழிக்கு உடம்பெல்லாம் வலித்தது. லூபஸோடு, உடம்பெங்கும் நாள்பட்ட வலி தரும் ஃபைப்ரோமயால்ஜியாவும் சேர்ந்திருக்கிறது என்று பின்னர் தெரிந்தது. இப்படி இரண்டும் சேர்ந்து வருவது அரிதன்று. பரிசோதனைத் தாளில் வலியைக் காட்டும் வரி ஏதும் இல்லை என்பதை நான் அப்போதுதான் புரிந்துகொண்டேன்.

சோர்வு தனியான ஒரு நோய்க்குறி. நல்ல தூக்கத்துக்குப் பிறகும் அது போகாது. முடக்குவாதத்தில் காலை விறைப்பு ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் நீடிக்கலாம் என்பதால், காலை எட்டு மணிக்கு ஒருவரைச் சந்திக்க அழைப்பதற்கும் பதினொரு மணிக்கு அழைப்பதற்கும் பெரும் வேறுபாடு உண்டு.

வீட்டுப் பெரியவர்களுக்கு இவற்றைத் தமிழில் எடுத்துச் சொல்வதும் உங்கள் பங்காக இருக்கலாம். தோழியின் ஆயா நெடுநாள் இதை “வாதம், எண்ணெய் போட்டுத் தேய்த்தால் போகும்” என்றே நம்பியிருந்தார். காவல்காரன் கதையை நான் சொன்ன பிறகு, “அப்படின்னா இவ உடம்பே இவளை அடிக்குதா கண்ணு?” என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் பேத்தியைச் சோம்பேறி என்று சொல்லவில்லை.

இரண்டாம் படி: நம்புங்கள், நம்புவது தெரியும்படி பேசுங்கள்

இந்த நோயாளிகளில் பலர் வெளிப்பார்வைக்கு நலமாகத் தெரிவார்கள். உறவினரிடம், மேலாளரிடம், சில வேளைகளில் மருத்துவரிடமும் தம் வலியை மெய்ப்பித்து மெய்ப்பித்தே களைத்துப்போயிருப்பார்கள். உங்களிடமாவது அந்த வேலை அவர்களுக்கு இல்லாமல் இருக்கட்டும்.

“நல்லாத்தானே இருக்கே”, “எனக்கும்தான் முட்டி வலிக்குது”, “மனசை தைரியமா வச்சுக்கோ, எல்லாம் சரியாயிடும்” என்ற மூன்றையும் தவிருங்கள். கரும்புத் தோட்டத்தில் விடியுமுன் எழுந்து உழைத்த பாட்டிமார்களின் வழிவந்தவர்கள் நாம்; பொறுத்துக்கொள்வதை உயர்ந்த குணமாக வளர்த்திருக்கிறோம். அந்தப் பாட்டிமார்களிலும் எத்தனை பேர் பெயரில்லாத இந்த நோயோடு வெட்டுக்கத்தியைப் பிடித்திருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. அவர்கள் பொறுத்ததைக் காட்டி இன்றைய பெண்ணை அடக்குவது அவர்களுக்கும் பெருமை சேர்க்காது.

இவற்றுக்கு மாற்றாக, “இன்னைக்கு எப்படி இருக்கு?” என்று அந்த ஒரு நாளை மட்டும் கேளுங்கள். பதிலைக் கேட்டபின் உடனே தீர்வு சொல்ல வேண்டாம். “நான் கேட்டுக்கிட்டு இருக்கட்டுமா, இல்ல ஏதாவது செய்யணுமா?” என்று கேட்டுவிட்டால் இருவருக்கும் குழப்பமில்லை. பேசவே முடியாத நாட்களுக்காக நாங்கள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறோம். அவள் வாட்ஸ்அப்பில் ஒரு எண்ணை மட்டும் அனுப்புவாள். 3 என்றால் வழக்கமான வலி. 7 என்றால் அடுப்புப் பக்கம் போக முடியாது. 9 என்றால் நான் புறப்பட வேண்டும். விளக்கம் கேட்பதில்லை என்பது எங்களுக்குள் உள்ள உடன்பாடு.

மூன்றாம் படி: ஒரு நாளின் தண்ணீர்க் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்ததும், அதன்பின் பல மாதங்கள் அங்கே குழாயில் தண்ணீர் வராமல் மக்கள் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றதும் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணக்கு ஓடியது: இந்த வாளியில் சமைப்பதா, குளிப்பதா, கழிப்பறைக்கு ஊற்றுவதா? சமைக்க எடுத்துவிட்டால் குளியல் இல்லை.

என் தோழி தன் உடல் வலுவை அந்த வாளியோடு ஒப்பிட்டே எனக்குப் புரியவைத்தாள். நமக்குக் குழாய் திறந்தால் வலு வருகிறது. அவளுக்குக் காலையில் ஒரு வாளிதான். சில நாட்களில் அரை வாளி. தலை குளித்தால் இரண்டு செம்பு போயிற்று. பேருந்துக்கு நின்றால் மூன்று. தொலைபேசியில் உறவினர் ஒருவருக்குத் தன் நிலையை விளக்கினால் அதற்கும் ஒரு செம்பு. வாளி காலியான பிறகும் வேலை செய்தால் நாளைய தண்ணீரிலிருந்து எடுக்க வேண்டும். அதன் விலையாக இரண்டு மூன்று நாட்களைப் படுக்கையில் கழிப்பாள்.

இது புரிந்தபின் உதவியின் அளவுகோல் எளிதாகிறது. நீங்கள் செய்ய நினைப்பது அவள் வாளியில் தண்ணீர் ஊற்றுகிறதா, எடுக்கிறதா? முன்னறிவிப்பின்றி ஐந்து பேரோடு நலம் விசாரிக்கச் செல்வது அன்பாகத் தோன்றினாலும், எழுந்து உடுத்தி, தேநீர் போட்டு, சிரித்துப் பேச வைத்து வாளியைக் கவிழ்த்துவிடும்.

நான்காம் படி: பெயரும் நாளும் உள்ள உதவியைக் கொடுங்கள்

“ஏதாவது வேணும்னா சொல்லு” என்று சொல்லும்போது, என்ன வேண்டும் என்று யோசிப்பதும், யாரிடம் கேட்பது என்று முடிவு செய்வதும், கேட்கும் கூச்சத்தைத் தாங்குவதும் நோயாளியின் தலையில் விழுகின்றன. முதல் ஓராண்டு முழுவதும் நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள், “வியாழக்கிழமை சாயங்காலம் பருப்பும் பீன்ஸ் கறியும் கொண்டு வரேன், வாசல்ல வச்சுட்டுப் போயிடுவேன், நீ எழுந்து வர வேண்டாம்” என்றேன். உடனே சரி என்றாள். இன்றுவரை வியாழக்கிழமை என் கிழமையாகவே இருக்கிறது.

வீட்டில் தேவைப்படுபவை பெரும்பாலும் கையின் பிடிக்கும் தோளின் வலுவுக்கும் உரிய வேலைகள். ஊறுகாய்ப் போத்தலின் மூடியை ஒருமுறை திறந்து தளர்வாக மூடி வைக்கலாம். பத்து கிலோ அரிசி மூட்டையைச் சிறிய டப்பாக்களில் பிரித்து இடுப்பளவு உயரத்தில் அடுக்கலாம். பூசணியையும் மரவள்ளியையும் நறுக்கி உறையவைத்துக் கொடுக்கலாம். தண்ணீர் வராத அந்த மாதங்களில் இருபது லிட்டர் வாளி அவளுக்குப் பயன்படவே இல்லை, ஏனெனில் அதன் எடை இருபது கிலோ. எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்த நாட்களில் கைப்பிடியுள்ள ஐந்து லிட்டர் போத்தல்களிலும், குளியலறைக்காக இரண்டு லிட்டர் போத்தல்களிலும் நிரப்பிக் கொண்டுபோனோம். ஒரே அளவு தண்ணீர்தான். பாத்திரத்தை மாற்றியதால் அவளால் யாரையும் அழைக்காமல் முகம் கழுவ முடிந்தது.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். அவள் செய்ய விரும்பும் வேலையைப் பறிக்காதீர்கள். விளக்கேற்றுவதும் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விடுவதும் அவளுடையவை. நான் ஒருநாள் அவள் பூசையறையை அவளைக் கேளாமல் துடைத்து ஒழுங்குபடுத்திவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, அழுதாள். கேட்டுவிட்டுத் தொட வேண்டும் என்பதை அன்று கற்றேன்.

ஐந்தாம் படி: மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள்

அரசு மருத்துவமனையில் டேட் உள்ள நாள், அதாவது வரச்சொல்லிக் குறித்துக் கொடுத்த நாள் என்பது விடியுமுன் புறப்பட்டு, பைல் எடுக்கும் வரிசை, இரத்தம் எடுக்கும் வரிசை, மருத்துவர் வரிசை, மருந்து வரிசை என்று மாலைவரை நீளும் நாள். வலியுள்ளவருக்கு மரப்பலகையில் ஆறு மணி நேரம் உட்கார்வதே ஒரு சீற்றத்துக்குப் போதுமானது. நீங்கள் வரிசையில் நிற்க, அவர் சுவரோரம் சாய்ந்திருக்கலாம். ஒரு தலையணை, தண்ணீர், மருந்தோடு உண்ண ரொட்டி, சால்வை ஆகியவற்றை ஒரு பையில் நிரந்தரமாகக் கட்டி வையுங்கள்.

முந்தைய இரவு இருவரும் அமர்ந்து ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: சென்ற முறைக்குப் பின் புதிதாக வந்தவை, இப்போது எடுக்கும் எல்லா மருந்துகளும் அளவுகளும் (நாட்டு மருந்தும் வைட்டமினும் உட்பட), கேட்க வேண்டிய மூன்று கேள்விகள். மருத்துவரிடம் கிடைப்பது சில நிமிடங்களே என்பதால் மிக முக்கியமான கேள்வி முதலில் வரட்டும். “வலிக்கிறது” என்பதைவிட, “பல் துலக்கும் பிரஷைப் பிடிக்க முடியவில்லை, காலையில் சட்டைப் பொத்தான் போட ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது” என்பது மருத்துவருக்கு அதிகம் சொல்லும். தோல் சிவப்பும் மூட்டு வீக்கமும் டேட் நாளில் மறைந்திருக்கக்கூடும். வந்த நாளிலேயே தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உள்ளே சென்றால் உங்கள் வேலை எழுதுவது மட்டுமே. அவர் பேசட்டும். அவர் மறந்ததை, “அந்தக் காய்ச்சலைப் பற்றிச் சொல்லலாமா?” என்று அவரிடமே நினைவூட்டுங்கள். ஒருமுறை ஒரு மருத்துவர், “இளம்பெண்களுக்கு வரும் கவலைதான் இது” என்று சொல்லி அனுப்ப முனைந்தபோது, நான் குரலை உயர்த்தாமல், “சிறுநீர்ப் பரிசோதனை செய்யத் தேவையில்லை என்று பைலில் எழுதித் தர முடியுமா?” என்று கேட்டேன். பரிசோதனை நடந்தது, சிறுநீரில் புரதம் இருந்தது. லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது தொடக்கத்தில் வலியே இருக்காது என்பதால் அந்தப் பரிசோதனை எத்தனை இன்றியமையாதது என்பதை நான் இன்றும் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

ஆறாம் படி: மருந்துகளைப் பற்றிப் போதிய அளவு அறிந்திருங்கள்

மருந்தை முடிவு செய்வது மருத்துவரும் நோயாளியும். நீங்கள் அறிந்திருக்க வேண்டியது ஆபத்தான தவறுகளைத் தவிர்ப்பதற்காக.

பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு வீக்கத்தை விரைவில் அடக்கும். ஆனால் முகம் உப்பும், எடை கூடும், தூக்கம் கெடும், மனநிலை ஏறி இறங்கும், சர்க்கரையும் உயரலாம். கோயிலில் யாரேனும் “சதை போட்டுட்டியே, நல்லா சாப்பிடுறே போல” என்று சொன்னால் பேச்சை மாற்றுவது தோழியின் கடமை. சில வாரங்களுக்கு மேல் எடுத்த பிரெட்னிசோனைத் திடீரென நிறுத்தவே கூடாது. உடல் தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்துவிட்டிருக்கும் என்பதால் உயிருக்கே ஆபத்து நேரலாம். மாத்திரை தீரப்போகிறது, அடுத்த டேட்டுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்றால், அன்றே கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை இந்த நோய்களுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். தவறுதலாகத் தினமும் எடுத்தவர்கள் இறந்ததுண்டு. அந்தக் கிழமையைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அதோடு ஃபோலிக் அமிலம் கொடுப்பது வழக்கம். சில தொற்றுகளுக்குத் தரப்படும் கோ-டிரைமோக்சசோல் மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்ந்தால் இரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். ஆகவே வேறு எந்த மருத்துவரைப் பார்த்தாலும் மருந்துப் பட்டியலை முதலில் நீட்ட வேண்டும். இந்த மருந்தின்போது கருத்தரிக்கக் கூடாது. “எப்போ நல்ல செய்தி?” என்று கேட்கும் சின்னம்மாக்களுக்கு இது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அந்தக் கேள்வி எழும்போது அருகில் இருந்து வேறு பேச்சைத் தொடங்குங்கள்.

குளோரோகுயின் வகை மருந்துகள் முழுப் பயன் தர மாதக்கணக்காகும். கண்ணைத் தொடர்ந்து பரிசோதித்துவர வேண்டும். “மூணு வாரம் ஆச்சு, ஒண்ணும் தெரியலை” என்று அவர் விட்டுவிட நினைத்தால் இதை நினைவூட்டலாம்.

காவல்காரனின் கையிலிருந்து தடியை வாங்குவதே இம்மருந்துகளின் வேலை என்பதால், உண்மைத் திருடர்களுக்கு வழி எளிதாகிறது. காசநோய் மிகுதியாக உள்ள நாட்டில் வாழ்கிறோம். உயிரியல் மருந்து (பயாலஜிக்) ஊசிகளைத் தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை செய்வது அதனால்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், இரவு வியர்வை, எடை குறைதல் ஆகியவற்றைச் சாதாரணமாக விடாதீர்கள். சளிக்காய்ச்சல் தடுப்பூசியைக் குளிர்காலம் தொடங்குமுன் நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். மூக்கு ஒழுகும் நாளில் வியாழக்கிழமைச் சாப்பாட்டை வேறொருவரிடம் கொடுத்தனுப்புங்கள். உயிரியல் மருந்து ஊசிகளை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டியிருப்பதால், 2022, 2023 ஆண்டுகளின் லோட்ஷெடிங் என்ற மின்வெட்டுக் காலத்தில் பலர் பட்ட பாடு பெரிது. உங்கள் வீட்டில் இன்வெர்ட்டரோ சோலாரோ இருந்தால், குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தட்டை அவருக்கென ஒதுக்குவதே பேருதவி.

கெமிஸ்டில் எளிதாகக் கிடைக்கும் கலப்பு வலி மாத்திரைகள் சிலவற்றில் பாராசிட்டமோலோடு இபுப்ரோஃபெனும் கோடீனும் சேர்ந்திருக்கும். இபுப்ரோஃபென் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்குக் கேடு, கோடீன் பழக்கமாகும். பெட்டியின் பின்புறத்தைப் படித்து, மருந்தாளரிடம் லூபஸ் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

நாட்டு மருந்தைப் பற்றி நம்மிடையே ஆளுக்கொரு யோசனை உண்டு. சமையலில் மஞ்சளும் இஞ்சியும் சேர்ப்பதில் யாருக்கும் தடையில்லை. “எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்” என்று விற்கப்படும் குளிகைகளோ, ஏற்கெனவே வெறிகொண்ட காவல்காரனுக்கு மேலும் தடி கொடுப்பது போன்றவை. எக்கினேசியாவும் அல்ஃபால்ஃபா முளையும் லூபஸைத் தூண்டக்கூடும் என்பதால் மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்கிறார்கள். திருஷ்டி கழிப்பதும் வேண்டுதலும் வீட்டாரின் நம்பிக்கை, அவை நடக்கட்டும். அவற்றுக்காக மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் உறுதியாகக் குறுக்கே நில்லுங்கள்.

ஏழாம் படி: வேலை, பணம், தாள்கள்

நோயாளிக்கு வலுவில்லாத நாளில் படிவங்களே பெரும் மலை. உங்களுக்குப் படிவம் நிரப்பத் தெரிந்தால் அதையே உங்கள் உதவியாக்கிக்கொள்ளலாம்.

மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவத் திட்டம் வைத்திருப்பவர்களுக்கு, திட்டங்கள் கட்டாயம் செலவேற்க வேண்டிய நாள்பட்ட நோய்களின் பட்டியல் ஒன்று சட்டப்படி உண்டு. லூபஸ், முடக்குவாதம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், கிரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ஆகியவை அதில் உள்ளன. மருத்துவர் படிவம் நிரப்பிப் பதிவு செய்தால்தான் மருந்துச் செலவு அன்றாடச் சேமிப்புக் கணக்கிலிருந்து கழியாமல் இருக்கும். ஃபைப்ரோமயால்ஜியா அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கான செலவை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். மறுப்புக் கடிதம் வந்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். திட்டத்திலேயே முறையிட்டும் தீராவிட்டால் மருத்துவத் திட்டங்களுக்கான கவுன்சிலிடம் புகார் செய்யலாம்.

வேலையில் வாரம் ஐந்து நாள் உழைப்பவருக்கு மூன்று ஆண்டுச் சுழற்சியில் 30 நாள் ஊதியத்துடன் நோய் விடுப்பு உண்டு. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேலோ, எட்டு வாரத்தில் இரண்டு தடவைக்கு மேலோ வராவிட்டால் முதலாளி மருத்துவச் சான்று கேட்கலாம். ஒரே சீற்றத்தில் முப்பது நாளும் தீர்ந்துவிடும் என்பதால், அரைநாள் வேலை, வீட்டிலிருந்து வேலை, நிற்கும் வேலைக்கு மாற்றாக நாற்காலி போன்றவற்றை முன்பே எழுத்தில் கேட்பது நல்லது. நோயால் நீண்டகாலம் இயலாமை உள்ளவருக்கு நியாயமான வசதி செய்து தருமாறு 1998 ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் சொல்கிறது. வேலையே செய்ய முடியாத நிலை ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், 18 முதல் 59 வயதுவரை உள்ளவர்கள் அரசின் சமூக உதவி அமைப்பான சாசாவின் ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். வருமான வரம்பும் மருத்துவ மதிப்பீடும் உண்டு. அந்த அலுவலக வரிசையிலும் அவரைத் தனியே நிறுத்தாதீர்கள்.

எட்டாம் படி: விழாவும் விரதமும் வெயிலும்

தைப்பூசக் காவடி டர்பனின் கடும் கோடையில் வருகிறது. லூபஸ் உள்ளவர்களில் பலருக்கு வெயிலே சீற்றத்தைத் தூண்டும்; மேகமூட்டத்திலும் கார்க் கண்ணாடி வழியாகவும்கூடப் புற ஊதாக் கதிர்கள் வருகின்றன. அதற்காக அவரை விழாவிலிருந்து விலக்கிவிட வேண்டியதில்லை. என் தோழிக்குப் பால்குட நேர்ச்சை இருந்தது. கோயிலில் முன்னதாகவே பேசி, முதல் குழுவோடு விடியற்காலையில் அவள் குடம் புறப்பட ஏற்பாடு செய்தோம். நீளக்கைச் சட்டை, குடை, சன்ஸ்கிரீன் எல்லாம் இருந்தன. பாதி வழி அவள் சுமந்தாள். மீதி வழி நான் சுமக்க, அவள் தன் கையைக் குடத்தில் வைத்து நடந்தாள். ஐயர், “வேண்டுதல் முழுமையானது” என்று சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது என்பதை நான் மறக்கமாட்டேன்.

புரட்டாசியில் மரக்கறி மட்டும் உண்பதால் தீங்கில்லை. ஒருவேளை மட்டும் உண்பதும் காலையில் வெறும் வயிற்றோடு இருப்பதும் வேறு. பிரெட்னிசோனையும் வலி மாத்திரைகள் சிலவற்றையும் உணவோடு எடுக்க வேண்டும். நோயுற்றவர் மருந்துக்காக உண்பது விரதத்தை முறிப்பதாகாது என்று குடும்பப் பெரியவர் ஒருவர் வாயால் சொல்லவைத்தால், அவர் குற்ற உணர்வின்றி உண்பார். ஆடி மாதக் கூழுக்கு அழைக்கும்போது அவருக்குக் கிண்டும் வேலையைக் கொடுக்காமல், உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும் வேலையைக் கொடுங்கள். அழைக்காமல் மட்டும் விடாதீர்கள். கடைசி நேரத்தில் வர முடியாமல் போனால், “பரவாயில்லை, உன் பங்குக் கூழ் வருது” என்பதோடு பேச்சு முடியட்டும்.

ஒன்பதாம் படி: மனத்தையும் ஆபத்து அறிகுறிகளையும் கவனியுங்கள்

நெடுங்கால வலியோடு மனச்சோர்வு சேர்ந்து வருவது மிகச் சாதாரணம். மருந்தும் மனநிலையைப் பாதிக்கலாம். லூபஸ் மூளையையும் தொடலாம். தோழி பேச்சைக் குறைத்து, பிடித்தவற்றை விட்டு, “நான் எல்லாருக்கும் பாரம்” என்று சொல்லத் தொடங்கினால், “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 0800 567 567 என்ற இலவச உதவி எண்ணிலும் பேசலாம்.

மறுநாள்வரை காத்திருக்கக் கூடாதவை இவை: 38 டிகிரியும் அதற்கு மேலும் காய்ச்சல் (ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சல் தெரியாமலேயே தொற்று முற்றலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்), நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வலிப்பு, திடீர்க் குழப்பம், ஒரு பக்கம் செயலிழத்தல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நுரைத்த சிறுநீரோடு காலும் முகமும் வீங்குதல், வாந்தியால் பிரெட்னிசோன் உள்ளே தங்காமை. ஆம்புலன்சுக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112. மருந்துப் பட்டியலின் படம் உங்கள் தொலைபேசியிலும் இருக்கட்டும்.

பத்தாம் படி: உங்கள் வாளியையும் பாருங்கள், அவரிடமிருந்தும் பெறுங்கள்

ஒருவர் மட்டும் சுமந்தால் இரண்டாண்டில் ஓய்ந்துபோவார். நான் வியாழன், அவளுடைய சித்தி மகள் மருந்து வாங்கும் நாள், பக்கத்து வீட்டு அண்ணன் டேட் நாளில் வண்டி ஓட்டுவார். முடியாத வாரத்தில் முடியாது என்று முன்னதாகச் சொல்லிவிடுவோம். வாக்குக் கொடுத்து வராமல் போவதைவிட அது அவளுக்கு எவ்வளவோ மேல்.

நல்ல நாட்களில் நோயைப் பற்றிப் பேசாமலும் இருங்கள். அவளுக்குக் கணக்கு நன்றாக வரும். என் வருமான வரித் தாள்களை அவள்தான் பார்க்கிறாள், என் மகளுக்குத் தேர்வு நேரத்தில் தொலைபேசியிலேயே கணக்குச் சொல்லித் தருகிறாள். முதலில் கேட்கத் தயங்கினேன். கேட்டபோது, “இத்தனை வருஷமா ஏன் கேட்கலை?” என்றாள். சென்ற வியாழன் அவள் எண் 3. நான் கொண்டுபோன பருப்பை அவளே ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்து, உப்பு குறைவு என்றாள். நான் பானையை அடுப்பில் திரும்ப ஏற்றினேன். அவள் நாற்காலியில் அமர்ந்தபடி உப்பைப் போட்டாள்.